பெட்டியைக் கழற்றும் முன்: பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

போன ஐப்பசி மழையில், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. ஓட்டுநர் இறங்கியதுமே, "அண்ணே, ஏத்தத்துல லோ எகிறுது. பெட்டிய ரெண்டு தடவ பிரிச்சாச்சு" என்றார். ஏற்றத்தில் லோ கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்று அர்த்தம். வேறொரு இடத்தில் இரண்டு முறை டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, இறக்கி, ஸ்லைடிங் கியர், ஸ்பிரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்கள். கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

நான் பெட்டியைத் தொடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, லீவர் தரைத்தகட்டுக்குள் நுழையும் இடத்தைப் பார்த்தேன். லீவரின் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு மட்டும் பெயின்ட் போய், இரும்பு வெள்ளி மாதிரி பளபளத்தது. அதற்கு நேர் எதிரே தகட்டின் விளிம்பிலும் அதே பளபளப்பு. கீழே படுத்துப் பார்த்தால், பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் நசுங்கி அடை போலத் தட்டையாகிக் கிடந்தது. ஏற்றத்தில் லோடு விழும்போது எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். அப்போது லீவர் தகட்டில் இடிக்கிறது, தகடு லீவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறது. ரப்பரை மாற்றிய பிறகு லோ நின்றது.

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகிற பெண்கள். தோட்டத்துச் சரிவுகளில் இறங்கும்போது லோ எகிறினால் எஞ்சின் பிடி போய்விடும், பிரேக் ஒன்றுதான் மிச்சம். அதனால் இந்தக் கோளாறை யாரும் ஊகத்தில் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஜீப்பே சொல்லக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்வது இரண்டு சிறிய லீவர் உள்ள பழைய ஜீப்பின் பெட்டியை. வில்லிஸ் காலத்திலிருந்து வருகிற ஸ்பைசர் 18 என்ற அமைப்பு அது. ஒரு லீவர் முன் சக்கரத்துக்கு, அதாவது டூ வீல், ஃபோர் வீல். இன்னொன்று ஹை, நியூட்ரல், லோ. ஹையில் 1-க்கு 1, லோவில் பெரும்பாலும் 2.46-க்கு 1.

இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தி இதற்குள் நேராகப் பின்னால் போவதில்லை. மெயின் டிரைவ் கியர், நடுவில் இருக்கும் இன்டர்மீடியட் கியர், கீழே அவுட்புட் ஷாஃப்ட் என்று பல் வழியாகத்தான் இறங்குகிறது. ஹையில் டூ வீலில் போகும்போதும் அப்படித்தான். அதனால் கொஞ்சம் ஊளைச் சத்தம் இந்தப் பெட்டிக்கு இயல்பு. நல்ல நிலையில் இருக்கும் பெட்டியும் ஊளையிடும். பார்க்க வேண்டியது சத்தம் இருக்கிறதா என்பதை அல்ல, சத்தம் மாறியிருக்கிறதா என்பதை. அதை ஓட்டுகிறவரைக் கேட்டால்தான் தெரியும். எப்போதிலிருந்து, எந்த கியரில், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, இதற்கு முன்னால் யார் என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் பல சமயம் விடை இருக்கும்.

கோளாறு போலத் தெரியும், ஆனால் கோளாறு இல்லை

"லோ விழவே மாட்டேங்குது" என்று வண்டியைக் கொண்டுவருவார்கள். முன் சக்கர லீவரை ஃபோர் வீலில் போடாமல் லோவைப் போட முயன்றிருப்பார்கள். உள்ளே இரண்டு ஷிஃப்ட் ராடுகளுக்கும் நடுவில் மாத்திரை அளவில் ஒரு சிறு உருளை இருக்கிறது. ஃபோர் வீல் விழாமல் லோ விழக் கூடாது என்பதற்காகவே வைத்தது. லோவின் முறுக்கு விசை முழுவதும் பின் ஆக்சில் மேல் மட்டும் விழுந்தால் ஆக்சில் ஷாஃப்ட் முறியும். சில பேர் அந்த உருளையை எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள். பழைய வண்டி வாங்கியவர்கள், ஃபோர் வீல் போடாமலே லோ விழுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். விழுந்தால் உருளை இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது.

இரண்டாவது, ஃபோர் வீல் போட்டது போட்டபடி சிக்கிக்கொள்வது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடும். மண் ரோட்டில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் சறுக்க முடியாது. அந்த வித்தியாசம் ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறி, பற்களை இறுக்கிப் பிடித்துவிடும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராது. சுத்தியலால் தட்டாதீர்கள். நேராகப் பத்துப் பதினைந்து அடி ரிவர்ஸ் எடுங்கள், ஓட விட்டபடியே லீவரை மெதுவாக இழுங்கள், வந்துவிடும்.

மண் ரோட்டிலும் சிக்குகிறது என்றால் டயரைப் பாருங்கள். முன்னால் தேய்ந்த ஜோடி, பின்னால் புது ஜோடி இருந்தாலே முறுக்கு ஏறும். டயர் சரியாக இருந்தால் ஆக்சிலைச் சந்தேகப்படுங்கள். முன் ஆக்சிலை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்களின் கணக்கு பொருந்தாமல் போயிருக்கும். வில்லிஸ் வழி ஜீப்புகளில் பெரும்பாலும் 5.38, அதாவது 43 பல்லுக்கு 8 பல். எண்ணிப் பார்ப்பது சுலபம். டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில், முன் லீவர் டூ வீலில் இருக்கட்டும். முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தால் லாக் செய்துகொள்ளுங்கள். ஒரு ஆக்சிலில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஒருவர் எண்ணட்டும். ஐந்தும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமும் வந்தால் 5.38. அடுத்த ஆக்சிலிலும் அதே எண் வர வேண்டும். வரவில்லையென்றால் பெட்டியில் குற்றமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் டிரம்மாக இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழலும், தரையிலிருக்கும் சக்கரமும் உருளும். ஹேண்ட் பிரேக் எவ்வளவு இறுக்கிப் போட்டிருந்தாலும் வண்டி ஜாக்கியிலிருந்து நகரும். டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்டு நிறுத்துவதும் பயன்படாது. சமதரையில் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். கீழே படுப்பதற்கு முன்னால் ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும்.

நின்ற இடத்தில் கேட்பது

சத்தம் கியர்பாக்ஸிலா, டிரான்ஸ்ஃபரிலா, ஆக்சிலிலா? வண்டியை நகர்த்தாமலே கொஞ்சம் பிரித்துவிடலாம்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வையுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கியர்பாக்ஸும் நியூட்ரலில் இருக்க, கிளட்சை விடுங்கள். இப்போது கேட்கும் சத்தம் கியர்பாக்ஸின் முன் பகுதியுடையது. கிளட்சை மிதித்தால் அது நின்றுவிடும். அடுத்து கியர்பாக்ஸை டாப்பில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டி நகராது. ஆனால் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபரின் மெயின் டிரைவ் கியர், இன்டர்மீடியட் கியர் மூன்றும் சுழலும். அவுட்புட் ஷாஃப்ட் நிற்கும். புதிதாக ஒரு உறுமலோ கரகரப்போ சேர்ந்தால், மெயின் ஷாஃப்டின் பின் பேரிங்கையும் இன்டர்மீடியட் கியரையும் சந்தேகப்படலாம். நீளமான ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதுப்பக்கம் எலும்பில் அழுத்தி, நுனியைப் பெட்டியின் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேளுங்கள். இன்டர்மீடியட் ஷாஃப்ட் இருக்கும் இடத்துக்கு வந்ததும் மணலை அரைப்பது போலக் கேட்டால், உள்ளே ஊசி ரோலர்கள் குழி விழுந்திருக்கின்றன.

இங்கே ஒன்றுமில்லை, ஓடும்போது மட்டும் சத்தம் என்றால் ரோட்டுக்குப் போக வேண்டும். டாப் கியரில் கியர்பாக்ஸ் நேர் வழி. அதன் பற்களில் லோடு இல்லை. ஆனால் டிரான்ஸ்ஃபரின் பற்களில் எப்போதும் லோடு உண்டு. செகண்டில் சத்தம் இருந்து டாப்பில் போய்விட்டால் கியர்பாக்ஸ். டாப்பிலும் அப்படியே இருந்தால் டிரான்ஸ்ஃபர் அல்லது ஆக்சில். இந்த இரண்டையும் பிரிக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருள விடுங்கள். இதைச் சமதரையில்தான் செய்ய வேண்டும், இறக்கத்தில் கூடவே கூடாது. லோடு போனதும் சத்தம் ரொம்பக் குறைந்தால் எனக்கு டிரான்ஸ்ஃபர் மேல் சந்தேகம் வரும். அப்படியே தொடர்ந்தால் ஆக்சில், வீல் பேரிங் பக்கம் போவேன். இது முடிவான தீர்ப்பு இல்லை, ஏனென்றால் பினியன் சத்தமும் லோடுக்கு ஏற்ப மாறும். முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தால் முன் பக்கம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். எட்டு நட்டுகள்தான், அரை மணி நேர வேலை.

எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்று ஃபோன் வந்தால் நான் முதலில் கேட்பது ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பற்றி. கேபிள் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் கியர் டிரான்ஸ்ஃபரின் அவுட்புட் ஷாஃப்டில் இருக்கிறது. கியரில் போட்டு கிளட்சை விடும்போது முள் ஏறினால் பெட்டி வரைக்கும் எல்லாம் சரி. உடைந்தது புரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்சில் பக்கம். முள் அசையவில்லையென்றால் கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் இந்த மூன்றில் ஒன்று. குரங்கணிக்கு மேலே ஒரு வண்டி நின்றால், எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு ஏறுவது என்பதை இந்த ஒரு கேள்வி முடிவு செய்துவிடும்.

அப்புறம் "டொக்" சத்தம். கியர் மாற்றும்போது, ஆக்சிலேட்டரைத் தொடும்போது வரும். பெட்டியில் இருக்கும் ஹேண்ட் பிரேக் இதற்கு நல்ல உதவி. பிரேக்கை இறுக்கிப் போட்டால் அவுட்புட் ஷாஃப்ட் அசையாது. அப்போது பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். அதில் தெரியும் ஆட்டம் முழுவதும் ஷாஃப்டின் மூட்டான கிராஸ், ஸ்ப்ளைன் இவற்றுடையது. பிரேக்கை எடுத்துவிட்டு, கியரில் போட்டுத் திருப்புங்கள். கூடுதலாக வரும் ஆட்டம்தான் டிரான்ஸ்ஃபரும் கியர்பாக்ஸும் சேர்ந்தது. பல வண்டிகளில் அந்தக் கூடுதல் மிகக் குறைவு. தேய்ந்த கிராஸ்தான் குற்றவாளி.

எண்ணெய் சொல்வது

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள்.

வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெயை இறக்குங்கள். நிரப்பும் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். அது துருப்பிடித்துத் திறக்க முடியாமல் போனால், கீழே இருந்து எண்ணெயை வடித்துவிட்டு வண்டியை நகர்த்த முடியாமல் நிற்பீர்கள். பெட்டிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் 90 நம்பர் கியர் ஆயில் பிடிக்கும். எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதிவையுங்கள். கூடவே கியர்பாக்ஸ் மட்டத்தையும் பாருங்கள். சில பெட்டிகளில் இரண்டுக்கும் நடுவே எண்ணெய் போய்வர ஓட்டை வைத்தே இருக்கும். அப்படி இல்லாத பெட்டியில் ஒன்று குறைந்து மற்றது வழிந்தால், நடுவில் இருக்கும் சீல் போய்விட்டது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே ஒரு பெட்டி வறண்டு போவது இப்படித்தான்.

வடித்த எண்ணெயில் கொஞ்சத்தை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடை கடக்கிற வண்டிகளில் இது சகஜம். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிறகு ஒரு காந்தத்தை பாலிதீன் பையில் சுற்றித் தட்டில் இழுங்கள். மை போன்ற கறுப்புக் குழம்பு ஒட்டினால் அது வயதின் தேய்மானம், கவலை வேண்டாம். ஊசி நுனி போன்ற கம்பித் துண்டுகள் ஒட்டினால் பல் உடைகிறது. மீன் செதில் போலத் தட்டையான, விரலில் எடுத்தால் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும் சில்லுகள் வந்தால் பேரிங்கின் மேல்தோல் உரிகிறது. காந்தத்தில் ஒட்டாமல் தட்டில் பொன் தூள் போல மின்னுவது வெண்கலம். அது இன்டர்மீடியட் கியரின் இருபுறமும் இருக்கும் திரஸ்ட் வாஷரிலிருந்தோ, முன், பின் ஷாஃப்டுகள் சந்திக்கும் இடத்தில் இருக்கும் புஷ்ஷிலிருந்தோ வருகிறது. கொஞ்சம் மினுமினுப்பு இருந்தால் எண்ணெய் மாற்றி ஓட்டலாம். தட்டின் அடியில் கோலப்பொடி மாதிரி படிந்தால் பிரிக்கத்தான் வேண்டும்.

எகிறுவதும் ஒழுகுவதும்

கியர் எகிறினால் வரிசை இதுதான். முதலில் லீவர் தகட்டிலோ விரிப்பிலோ இடிக்கிறதா. அடுத்து ரப்பர் மவுன்ட், கிராஸ் மெம்பர் போல்ட்டுகள். மூன்றாவது லீவர் திரும்பும் அச்சாணியும் அடி முனையும் தேய்ந்து, லீவர் முழுதாகப் போனாலும் உள்ளே கியர் பாதிதான் ஏறுகிறதா. தகட்டைக் கழற்றிவிட்டு, ஒருவர் லீவரைப் போட, இன்னொருவர் ஷிஃப்ட் ராடு நகர்வதைப் பார்த்தால் தெரியும். நான்காவது ராடைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும். ராடு தன் இடத்தில் விழும்போது கையில் ஒரு "டக்" உணர வேண்டும். மழமழவென்று போனால் ஸ்பிரிங் செத்துவிட்டது. இவை நான்கும் சரியாக இருந்த பிறகுதான் உள்ளே ஃபோர்க், பல்லின் ஓரம் தேய்ந்தது, பேரிங் ஆட்டம் என்று போக வேண்டும்.

ஃபோர் வீல் மட்டும் எகிறுகிறது என்றால் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் பூட்டும் அவுட்புட் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்று இடித்தால் முன் பேரிங்கும் வெண்கலப் புஷ்ஷும் போயிருக்கின்றன. ஃபோர் வீல் போட்டும் முன்னால் இழுக்கவில்லை என்றால் பெட்டியைக் குறை சொல்லும் முன், ஹப் லாக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹப்பை ஃப்ரீயில் விட்டு, எஞ்சினை நிறுத்தி, கியரிலும் ஃபோர் வீலிலும் போட்டு, முன் புரொப்பல்லர் ஷாஃப்டைத் திருப்புங்கள். அது இறுகி நின்றால் பெட்டி தன் வேலையைச் செய்கிறது.

ஒழுகல் பெரும்பாலும் பின் ஆயில் சீலில்தான். அதன் முதல் அறிகுறி தரையில் சொட்டும் எண்ணெய் அல்ல, பிடிக்காத ஹேண்ட் பிரேக். எண்ணெய் நேராக டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைத்துவிடும். பிரேக் கேபிளை எத்தனை தடவை இறுக்கினாலும் மலைப்பாதையில் வண்டி நிற்காது. சீல் மாற்றும்போது, சீல் உட்காரும் ஃபிளாஞ்சின் கழுத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு கோட்டில் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை புது சீல் போட்டாலும் அதில் நிற்காது. ஃபிளாஞ்சை மாற்றுங்கள், அல்லது லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போடுங்கள். எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது வேண்டாம். புதிதாகவே போடுங்கள்.

இவ்வளவும் பார்த்து, பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும் என்று முடிவானால், இறக்கும் முன் ஒரு அளவு எடுங்கள். ஹேண்ட் பிரேக் இல்லாமல், நியூட்ரலில், பின் ஃபிளாஞ்சை முன்னும் பின்னும் இழுங்கள். டயல் கேஜில் 4 முதல் 8 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, அதாவது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம். அந்த அளவு கைக்கு லேசாகத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்கே தெரிந்தால், பின் பேரிங் கேப்பில் இருக்கும் மெல்லிய தகடான ஷிம்மைக் குறைத்தால் போதுமா, டேப்பர் பேரிங்கையே மாற்ற வேண்டுமா என்று பிரிக்கும்போது பாருங்கள். ஆட்டமே இல்லாமல் இறுகியிருந்தால் அது இன்னும் மோசம். சூடேறும்போது பேரிங் கருகிவிடும்.

உள்ளே இன்டர்மீடியட் ஷாஃப்டை உருவியதும் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். லோடு விழும் ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். இருந்தால் ஷாஃப்ட், ரோலர், திரஸ்ட் வாஷர் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஷாஃப்டில் புது ரோலர் போட்டால் சில மாதங்களில் அதே சத்தம் திரும்பி வரும். ஷாஃப்ட் உட்காரும் பெட்டியின் ஓட்டையையும் பாருங்கள், அது நீள்வட்டமாகியிருந்தால் எண்ணெய் அந்த வழியாகவே ஒழுகும்.

திரும்பப் பூட்டியதும் 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அந்த எண்ணெயை மறுபடி வடித்து, அதே தட்டில் ஊற்றிப் பாருங்கள். அந்த ஐப்பசி ஜீப்பின் பெட்டியிலும் அப்படித்தான் பார்த்தேன், இரண்டு முறை பிரித்த பெட்டி ஆயிற்றே. தட்டில் கறுப்பு மை மட்டும்தான் இருந்தது. ஓட்டுநரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.